மூன்று நீலங்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் தொடங்கி, லண்டனின் இரு கிரிக்கெட் மைதானங்களையும் வில்ட்ஷர் மாவட்டத்து மாளிகை ஒன்றையும் கண்டு, பீகாரின் திர்ஹுத் சமவெளியைக் கடந்து, நீலகிரி மலையில் முடியும் இப்பயணத்தின் பாதையை வகுத்துத் தந்தது சார்ல்ஸ் தாமஸ் ஸ்டட் என்னும் பல்கலைக்கழகக் கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை. 1860 டிசம்பர் 2 அன்று நார்தாம்ப்டன்ஷரின் ஸ்பிராட்டன் கிராமத்தில் பிறந்து, 1931 ஜூலை 16 அன்று அன்றைய பெல்ஜியக் காங்கோவின் இபாம்பியில் மறைந்த இவர், தம் ஆட்டத்துக்காக ஒரு காசும் ஊதியம் பெறாத ‘அமெச்சூர்’ வகுப்பைச் சேர்ந்தவர். அவர் வாழ்ந்த இடங்களை வரிசையாகப் பார்த்துவருபவருக்கு ஒரே கேள்வி ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு முகத்தோடு எதிர்ப்படுகிறது: கூலி வாங்காமல் ஆடுவது என்பதன் பொருள் என்ன, அந்த ஆட்டத்துக்கான கூலியை உண்மையில் கொடுத்தவர் யார்?

கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்தை விட்டு ஹில்ஸ் ரோடு வழியாக நகரை நோக்கிக் கால் மணி நேரம் நடந்தால், குடியிருப்புகளுக்கு நடுவே, தெருவில் செல்பவர் கண்ணில் எளிதில் படாதபடி அமைந்திருக்கும் ஃபென்னர்ஸ் மைதானத்தை அடையலாம். புகையிலைக் கடை நடத்தியவரும் தாமே கிரிக்கெட் ஆடியவருமான எஃப். பி. ஃபென்னர் என்பவர் குத்தகைக்கு எடுத்த நிலம் இது. 1848 முதல் பல்கலைக்கழக அணி இங்கே ஆடிவருகிறது. பெரிய பார்வையாளர் மாடங்கள் எவையும் இங்கில்லை. மரங்களும் வீடுகளின் பின்புறங்களுமே எல்லையாக அமைய, ஒரு பக்கத்தில் ஹில்ஸ் ரோட்டுக் கத்தோலிக்கத் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம் எழுந்து நிற்கிறது. இன்று இம்மைதானத்தின் அடையாளமாகிவிட்ட அக்கோபுரத்தை ஸ்டட் ஆடிய நாள்களில் எவரும் கண்டிருக்க முடியாது. தேவாலயத்தின் கட்டுமானம் தொடங்கியதே 1885இல்தான், அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் சீனாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

ஸ்டட் பயின்ற டிரினிட்டி கல்லூரி, 1546இல் எட்டாம் ஹென்றி மன்னரால் நிறுவப்பட்டது. 1914இல் அங்கு வந்து சேர்ந்த கணித மேதை ராமானுஜனின் பெயரால் தமிழ் வாசகர்க்கு நெருக்கமானது. ராமானுஜனுக்கு ஒரு தலைமுறை முன்னர், 1880 முதல் 1883 வரை, இக்கல்லூரி மாணவராகப் பல்கலைக்கழக அணியில் ஆடிய ஸ்டட்டுக்குக் கிடைத்த மதிப்பு ‘புளூ’ எனப்படும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை எதிர்த்து விளையாடும் கேம்பிரிட்ஜ் வீரர் வெளிர்நீல மேற்சட்டையும் தொப்பியும் அணியும் உரிமை பெறுகிறார். அவருடைய எதிராளி அணிவது கருநீலம். நிறத்தின் பெயரே பட்டத்தின் பெயராகிவிட்ட இந்த மரபில், ‘நீலம்’ பெற்றவர் என்பது வாழ்நாள் முழுவதும் ஒருவரைத் தொடர்ந்துவரும் அறிமுகம். சார்ல்ஸ் மட்டுமல்ல, அவருடைய அண்ணன்மார் கைனாஸ்டன், ஜார்ஜ் ஆகிய இருவரும் அந்த நீலத்தைப் பெற்றனர். 1882இல் ஜார்ஜ், 1883இல் சார்ல்ஸ், 1884இல் கைனாஸ்டன் எனத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழக அணிக்கு ஒரே குடும்பத்தவரே தலைமை ஏற்றனர்.

அந்த 1882ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்துக்கு வந்திருந்த வலிமை மிக்க ஆஸ்திரேலிய அணியை ஃபென்னர்ஸ் மைதானத்தில் இம்மாணவர்கள் ஆறு விக்கெட் வேறுபாட்டில் வென்றனர். அந்த ஆட்டத்தில் சார்ல்ஸ் எடுத்தவை 118 ஓட்டங்கள். நிமிர்ந்து நின்று அழகாக ஆடும் மட்டையாளராகவும் மிதவேகப் பந்துவீச்சாளராகவும் பெயர்பெற்ற அவர், 1882, 1883 ஆகிய இரு பருவங்களிலும் ஆயிரம் ஓட்டங்களையும் நூறு விக்கெட்டுகளையும் கடந்தார். ‘இரட்டைச் சாதனை’ என்று ஆங்கிலக் கிரிக்கெட் உலகம் போற்றும் இதை, படிப்பை முடிக்காத ஒரு மாணவர் அடுத்தடுத்து நிகழ்த்தியது அந்நாளில் வியப்புக்குரியதாக இருந்தது. முதல்தர ஆட்டங்களில் அவருடைய மொத்தக் கணக்கு 99 ஆட்டங்கள், 4,391 ஓட்டங்கள், 440க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள்.

அமெச்சூர் என்னும் சொல்லை இங்கே விளக்கியாக வேண்டும். ‘நேசிப்பவர்’ எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், ஒரு கலையை அல்லது ஆட்டத்தை அதன்மீது கொண்ட விருப்பத்துக்காகவே மேற்கொள்பவரைக் குறித்தது. ஆனால் ஆங்கிலக் கிரிக்கெட்டில் அது விருப்பத்தைக் குறிப்பதை விட்டுக் குலத்தையும் செல்வத்தையும் குறிக்கும் சொல்லாக மாறியது. பல்கலைக்கழகத்தில் பயின்ற, நிலமோ வணிகமோ உடைய குடும்பத்தினர் ‘கனவான்கள்’ எனவும், ஆட்டத்துக்கு ஆட்டம் ஊதியம் பெற்று வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர், நெசவாளர் குடும்பத்தினர் ‘ஆட்டக்காரர்கள்’ எனவும் பிரிக்கப்பட்டனர்; இவ்விரு பிரிவினரும் எதிரெதிராக மோதிய ஆட்டம் 1806இல் தொடங்கி 1962 வரை நீடித்தது. ஒரே அணிக்காக ஆடும்போதும் உடை மாற்றும் அறைகள் தனித்தனி, களத்துக்குள் நுழையும் வாயில்கள் தனித்தனி. ஓட்டக் கணக்குத் தாளில் கனவானின் முதலெழுத்துகள் பெயருக்கு முன்னும், ஊதியக்காரரின் முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னும் அச்சிடப்பட்டன. பெயரைப் படித்த உடனேயே அவர் எந்தக் கதவால் வந்தவர் என்பதை அறிந்துகொள்ள அந்த இரண்டு எழுத்துகளே போதுமானவையாக இருந்தன.

இப்பிரிவினையின் கூர்மையை உணர்வதற்கு ஏற்ற இடம் லண்டனின் தென்பகுதியிலுள்ள ஓவல் மைதானம். காய்கறித் தோட்டமாக இருந்த நிலத்தில் 1845இல் புல்வெளி விரிக்கப்பட்டு உருவான இம்மைதானத்தின் ஓரத்தில், எரிவாயுவைச் சேமித்துவைப்பதற்காக எழுப்பப்பட்ட மாபெரும் இரும்புச் சட்டகங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதைச் சுற்றியிருந்த பழைய தொழிற்கூடம் குடியிருப்புகளாக மாறிவிட்ட பிறகும், வானத்தில் வரைந்த வட்டம் போன்ற அதன் வடிவம் மாறவில்லை. 1882 ஆகஸ்ட் 28, 29 ஆகிய இரண்டே நாள்களில் முடிந்துபோன டெஸ்ட் ஆட்டத்தை அச்சட்டகங்கள் கண்டிருக்கின்றன. வெற்றிக்கு 85 ஓட்டங்களே தேவைப்பட்ட நிலையில் களமிறங்கிய இங்கிலாந்து, இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 14 விக்கெட்டுகளை வீழ்த்திய ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபோர்த்தின் பந்துவீச்சுக்கு முன் 77 ஓட்டங்களுக்குச் சுருண்டு, ஏழு ஓட்டங்களில் தோற்றது.

அந்தக் கடைசி நிமிடங்களில் ஸ்டட் இருந்த இடம் கவனத்துக்குரியது. அதே பருவத்தில் அதே ஆஸ்திரேலியருக்கு எதிராக இரண்டு சதங்கள் அடித்திருந்த அவரை, அணித்தலைவர் ஹார்ன்பி பத்தாம் இடத்துக்குத் தள்ளிவைத்திருந்தார். 75 ஓட்டங்களில் எட்டாவது விக்கெட் விழுந்தபோது அவர் களத்துக்கு வந்தார். எண்ணிக்கை மாறுவதற்குள் எதிர்முனையில் ஒன்பதாவது விக்கெட் சரிந்தது. கடைசி ஆட்டக்காரரான யார்க்ஷரின் எட்மண்ட் பீட் இரண்டு ஓட்டங்கள் எடுத்த பின், பெரிய அடி அடிக்க முயன்று பாய்லின் பந்தில் வீழ்ந்தார். ஸ்டட் ஒரு பந்தையும் சந்திக்காமல் ஆட்டமிழக்காதவராக நின்றார். ஏன் பொறுமையாக ஆடவில்லை என்று கேட்கப்பட்டபோது, மிஸ்டர் ஸ்டட்டை நம்ப முடியவில்லை என்று பீட் விடையளித்ததாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அது உண்மையாயினும் பின்னர் புனையப்பட்டதாயினும், தோல்வியின் நடுவிலும் உதிர்ந்துவிடாத அந்த ‘மிஸ்டர்’ என்னும் அடைமொழி அக்காலத்து உண்மையைச் சொல்லிவிடுகிறது: பீட் ஊதியக்காரர், ஸ்டட் கனவான். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1896இல், இதே மைதானத்தில் டெஸ்ட் ஆட்டத்துக்கு 10 பவுண்டுக்குப் பதிலாக 20 பவுண்டு வேண்டுமென்று ஐந்து ஊதியக்காரர்கள் கேட்டது பெரும் கலகமாகக் கருதப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், அமெச்சூர் என்றே அழைக்கப்பட்டுவந்த டபிள்யூ. ஜி. கிரேஸுக்குப் பாராட்டு நிதியாக 9,000 பவுண்டுக்கு மேல் திரட்டி வழங்கப்பட்டதை நினைத்துப் பார்த்தால், கூலி என்ற பெயரில் வாங்குவதுதான் இழிவாகக் கருதப்பட்டதேயன்றிப் பணம் வாங்குவதன்று என்பது விளங்கும்.

ஓவல் தோல்வியை ஆங்கிலக் கிரிக்கெட்டின் இறப்பாகக் கற்பித்து ஒரு விளையாட்டு இதழ் வெளியிட்ட இரங்கல் குறிப்பிலிருந்து பிறந்ததுதான் ‘ஆஷஸ்’ எனப்படும் சாம்பல் கதை. லண்டனின் வடமேற்கிலுள்ள லார்ட்ஸ் மைதானத்தின் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள், அக்கதையின் அடையாளமாக, ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயரமே உடைய சுடுமண் கலயம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் பேசப்படும் பொருள் இவ்வளவு சிறியதா என்று முதன்முறை காண்பவர் திகைப்பது இயல்பு. அதன்மீது ஒட்டப்பட்ட தாளிலுள்ள பாடலில் ஸ்டட் சகோதரர்களின் பெயரும் இருக்கிறது. ஏனெனில் 1882இன் இறுதியில் ஐவோ பிளையின் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற குழுவில் சார்ல்ஸும் ஜார்ஜும் இருந்தனர். எட்டு அமெச்சூர்களும் நான்கு ஊதியக்காரர்களும் கொண்ட அக்குழு, வழியில் கொழும்பில் இறங்கி ஆடியது. அங்கிருந்து புறப்பட்ட பின் அவர்கள் சென்ற ‘பெஷாவர்’ கப்பல் வேறொரு கப்பலுடன் மோதியதில், ஊதியக்காரரான ஃபிரெட் மார்லியின் விலா எலும்பு காயமுற்றது. ஆட்டமே பிழைப்பான ஒருவருக்கு அது விளையாட்டுக் காயமாக மட்டும் முடியக்கூடியதன்று.

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஆண்டோவர் வரை சென்று, அங்கிருந்து சாலை வழியாக சாலிஸ்பரி சமவெளியின் ஓரத்தை அடைந்தால், ஸ்டட் சகோதரர்கள் வளர்ந்த டெட்வர்த் மாளிகையைக் காணலாம். அவர்களுடைய தந்தை எட்வர்ட் மறைந்த பின் பெரிதும் மாற்றிக் கட்டப்பட்டு, 1897இல் நிலத்தோடு சேர்த்துப் போர்த்துறையால் வாங்கப்பட்டு, 2011 முதல் காயமுற்ற படைவீரர்களின் மீட்பு மையமாகப் பயன்பட்ட இம்மாளிகை, ஒரு காலத்தில் குதிரைகளுக்கும் வேட்டைக்கும் பெயர்போனது. 1866ஆம் ஆண்டின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் வென்ற சாலமாண்டர் எட்வர்டின் குதிரை. மகன்கள் ஆடுவதற்கென்று அவர் இங்கே ஒரு கிரிக்கெட் மைதானத்தையும் அமைத்திருந்தார். 1875இல் லண்டனில் அமெரிக்கச் சமயப் பரப்புரையாளர் டி. எல். மூடியின் கூட்டத்துக்குச் சென்று மனம் மாறிய அவர், குதிரைகளை விற்றுவிட்டு, அதே மாளிகையின் பெரிய கூடத்தில் வேதக் கூட்டங்களை நடத்தலானார். இரண்டாண்டுக்குள் மறைந்தும் போனார். குதிரை, மாளிகை, மைதானம், மகன்களின் ஈட்டன் பள்ளிப் படிப்பு, கேம்பிரிட்ஜ் வாழ்க்கை ஆகிய அனைத்துக்கும் செலவிட்ட பணம் வந்த இடம் இங்கிலாந்தில் இல்லை. பயணம் அதைத் தேடி வட பீகாருக்குத் திரும்புகிறது.

முசாஃபர்பூரைச் சுற்றி விரிந்துகிடக்கும் திர்ஹுத் சமவெளி, இன்று லிச்சிப் பழத்துக்கும் கரும்புக்கும் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அவுரியின் நாடு. ஐரோப்பிய ஆலைகளுக்கு நீலச் சாயம் தந்த இச்செடி தமிழகத்தின் ஆர்க்காட்டுப் பகுதியிலும் பயிரிடப்பட்டதால் அதன் செய்முறை தமிழர்க்குப் புதிதன்று. அறுத்த அவுரித் தழையைக் கட்டுக் கட்டாகப் பெருந்தொட்டியில் அடுக்கி, நீரில் ஊறவைத்து, புளித்த நீரைக் கீழ்த்தொட்டிக்கு வடித்துவிடுவர். அதற்குள் இடுப்பளவு ஆழத்தில் கூலியாள்கள் இறங்கி நின்று, துடுப்புகளால் அடித்து அடித்துக் கலக்குவர். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த நீர், காற்றுப் படப்பட நீலமாக மாறி, அடியில் வண்டல் படியும். அதைக் காய்ச்சி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து, நிழலில் உலர்த்தி, முத்திரையிட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்புவர். தொட்டியிலிருந்து ஏறிய மனிதரின் உடல் முழுவதும் நீலம் ஏறியிருக்கும். கேம்பிரிட்ஜில் மதிப்பாக அணியப்பட்ட நிறம், இங்கே கூலியோடு தோலில் ஒட்டிக்கொண்டது.

எட்வர்ட் ஸ்டட் பொருளீட்டியது இச்சமவெளியின் அவுரித் தோட்டத் தொழிலில்தான். இப்பகுதியில், குறிப்பாகச் சம்பாரண் மாவட்டத்தில், உழவர் தம் நிலத்தில் இருபதுக்கு மூன்று பங்கில் கட்டாயமாக அவுரி பயிரிட வேண்டுமென்ற ‘தீன்கட்டியா’ முறை வேரூன்றியிருந்தது. இருபது கட்டா கொண்டது ஒரு பிகா என்னும் நில அளவில் மூன்று கட்டாவைக் குறிப்பதால் இப்பெயர் வந்தது. உணவுத் தானியம் விளைய வேண்டிய நல்ல மண்ணைத் தோட்டக்காரர் குறித்த விலைக்கு ஒப்புக்கொடுத்த அந்த உழவர்களின் துயரத்தை 1917இல் காந்தியடிகள் நேரில் கேட்டறிந்ததும், மறு ஆண்டே சட்டத்தின் வழி அம்முறை ஒழிக்கப்பட்டதும் இந்திய விடுதலை வரலாற்றின் முதன்மையான அத்தியாயங்கள். கூலி வாங்காத ஆட்டக்காரரின் கூலியைக் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு விடை இந்த மண்ணில் கிடைக்கிறது. ஃபென்னர்ஸ் மைதானத்தின் புல்வெளியில் விருப்பத்துக்காக மட்டுமே ஆட ஓர் இளைஞரால் முடிந்ததென்றால், அவருக்காக வேறொரு வெயிலில் வேறொருவர் தொட்டிக்குள் நின்றார் என்பதே அதன் பொருள்.

இந்த உண்மையை ஸ்டட் இவ்வாறு கணக்கிட்டாரா என்று வரலாறு சொல்லவில்லை. ஆனால் அப்பணத்தை அவர் என்ன செய்தார் என்பது தெளிவாகப் பதிவாகியுள்ளது. ஜார்ஜ் கடும் நோயுற்றுக் கிடந்தபோது படுக்கையருகே இருந்த சார்ல்ஸ், புகழும் செல்வமும் மரணத்தின் முன் என்ன பெறும் என்று எண்ணத் தொடங்கினார்; தந்தையின் சமயப் பற்று அவரிடம் முழுமையாக விழித்தெழுந்தது. ‘கேம்பிரிட்ஜ் எழுவர்’ என்று அழைக்கப்பட்ட குழுவில் ஒருவராக, ஹட்சன் டெய்லர் நிறுவிய சீன உள்நாட்டு மறைப்பணிக் கழகத்தின் சார்பில், உறுதியான சம்பளம் எதுவுமின்றி, 1885 பிப்ரவரி 5 அன்று லண்டனை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. இருபத்தைந்தாம் வயது நிறைந்தபோது தந்தையின் சொத்தில் அவருக்குச் சேர வேண்டிய ஏறத்தாழ 29,000 பவுண்டு சீனாவில் அவருடைய பெயருக்கு வந்தது. 1887இல் அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துவிட்டார். மூடிக்கு 5,000, பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லருக்கு 5,000 எனச் சென்ற அத்தொகையில், இந்தியாவில் இரட்சணிய சேனையை நடத்திவந்த பூத்-டக்கருக்கும் 5,000 பவுண்டு சேர்ந்தது. மிஞ்சிய 3,400 பவுண்டைத் திருமணத்துக்கு முன் மணமகள் பிரிசில்லாவிடம் ஒப்படைத்தபோது, அவரும் அதைக் கொடுத்துவிடவே சொன்னார். அவுரியால் இந்தியாவை விட்டுச் சென்ற செல்வத்தின் ஒரு சிறு துளி, கொடுத்தவரும் அறியாமல், வந்த திசைக்கே திரும்பியது.

1900இல் இந்தியா வந்த ஸ்டட், தந்தையின் பழைய தோட்டக்காரச் சமூகம் வாழ்ந்த திர்ஹுத்துக்கே முதலில் சென்றார். ஜெர்மனியில் 1897 முதல் விற்பனைக்கு வந்த செயற்கை நீலம் அவுரியை வீழ்த்தத் தொடங்கியிருந்த காலம் அது. பின்னர் நீலகிரியின் உதகமண்டலத்தில், ஆங்கிலிக்கன் சபையைச் சாராத பிராட்டஸ்டண்டினர் பலரும் கூடி வழிபட்ட யூனியன் சர்ச்சின் போதகராக 1906 வரை பணியாற்றினார். அவர் வந்த வழியை இன்றும் பின்தொடரலாம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயில் கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும், தண்டவாளங்களுக்கு நடுவே ஏணிபோல் கிடக்கும் பல்லிரும்பில் எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொள்ள, வண்டியின் பின்புறமிருந்து எஞ்சின் தள்ளித் தள்ளி ஏற்றுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி எனச் சரிவு கூடும் இடங்களில் ஒவ்வொரு பல்லும் பொருந்தும் ஓசை இருக்கைக்கு அடியில் கேட்கிறது. இப்பாதை 1899இல் குன்னூரை எட்டியது. உதகைக்கு நீண்டதோ 1908இல். ஆகவே ஸ்டட் குடும்பத்தின் காலத்தில் குன்னூருக்கு மேல் ரயில் இல்லை. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் அவரையும் மனைவியையும் நான்கு பெண்மக்களையும் மீதி வழியில் மேலேற்றியது மலைச்சாலைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்ட தைலமரங்கள் அச்சாலையின் இருபுறமும் மணக்கும்போது, கலயத்தோடு திரும்பிய அந்தப் பழைய பயணத்தின் காற்றும் அதில் கலந்திருந்தது எனலாம்.

தோட்டக்காரர், அரசு அலுவலர், படைவீரர் எனப் பெரிதும் ஆங்கிலேயருக்கே அவர் இங்கே போதித்தார். மட்டையையும் முற்றிலும் கைவிடாமல் படைவீரர்களோடு ஆடினார். 1913இல் காங்கோவுக்குச் சென்றபின் மனைவியை ஒரு முறை மட்டுமே சில நாள்கள் அங்கு கண்டார். உடன் உழைத்தவர்களிடம் அவர் காட்டிய கடுமையும், இறுதிக் காலத்தில் தாமே தொடங்கிய மறைப்பணிக் குழுவோடு ஏற்பட்ட பிளவும் அவருடைய வரலாற்றில் மறைக்க முடியாத பகுதிகள். எனினும் அமெச்சூர் என்ற சொல்லின் மூலப்பொருளை இறுதிவரை வாழ்ந்து பார்த்தவர்கள் அந்த வகுப்பில் மிகச் சிலரே. பணத்தை வைத்துக்கொண்டு கூலியை மறுப்பது எளிது, பணத்தையும் கொடுத்துவிட்டு விரும்பிய பணியைக் கூலியின்றிச் செய்வது அரிது. அந்த அருமைக்கு உரிய மதிப்பை ஸ்டட்டுக்கு அளிக்கும் எந்த வரலாறும், தொட்டிக்குள் நின்றவருக்கும் அதே ஏட்டில் ஓர் இடம் அளிக்கக் கடமைப்பட்டது.

பிற்பகலில் உதகையிலிருந்து கீழிறங்கும் வண்டி, மூடுபனியையும் தேயிலைச் சரிவுகளையும் கடந்து கல்லாறு வரும்போது, ஏறும்போது பச்சையாக மட்டுமே தெரிந்த மலை, முதுகுக்குப் பின்னால் மெல்ல நிறம் மாறுகிறது. மேட்டுப்பாளையத்து நடைமேடையில் இறங்கித் திரும்பிப் பார்ப்பவருக்கு அது முழு நீலம். மலையின் நீலம் தொலைவால் ஆனது. அருகே சென்றால் அங்கிருப்பவை மரமும் பாறையும், கொழுந்து பறிக்கும் கைகளும். கேம்பிரிட்ஜின் நீலமும் அத்தகையதே.